சாவி வைத்திருப்பவர்

பதுளை, பசறைத் தோட்டங்களிலே கொழுந்து இருமுறை நிறுக்கப்படுவதை மாணவர்கள் கண்டிருப்பர். மலையில் ஒரு நிறுவை, தொழிற்சாலையில் மற்றொன்று. இரண்டுக்கும் பொறுப்பானவர் வெவ்வேறானவர். இரு ஏடுகளையும் ஒத்துப் பார்த்தால் பிழையும் களவும் எளிதில் ஒளிய இயலா. கொழுந்து கொய்யும் பெண்ணின் கூலிக்கும் அதுவே காவல்.

இச்சிறு முறையைக் கைவிட்டதால் ஒரு பெரு வங்கியே வீழ்ந்தது. 1762 இல் இலண்டனில் தோன்றியது பேரிங்ஸ் வங்கி. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவரே வணிகமும் செய்தார். அதன் கணக்குப் பிரிவையும் மேற்பார்த்தார். நட்டத்தை 88888 என்ற கணக்கில் மறைத்தார். 1995 பெப்ரவரியில் உண்மை வெளிப்பட்டபோது நட்டம் ஏறத்தாழ 83 கோடி பவுண். வங்கி ஒரேயொரு பவுணுக்கு விலை போயிற்று!

வெளிக்கள்வனுக்குப் பூட்டு உண்டு; சாவி வைத்திருப்பவருக்கு ஏது பூட்டு? உட்பகைக்கென வள்ளுவரும் தனி அதிகாரம் வகுத்தார். எனினும் எல்லாரையும் ஐயுறுதல் பரிகாரமன்று. நம் மரண உதவிச் சங்கமாயினும் ஆலய சபையாயினும், பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கெழுதுபவர் வேறொருவர், தணிக்கை செய்பவர் மூன்றாமவர் என்றிருத்தல் வேண்டும். பதவி விலகியவரிடமிருந்து சாவியை அன்றே பெற்றுக்கொள்ளல் வேண்டும். கணினியின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றல் வேண்டும்.

நாளை கணக்கு மேசையில் அமரவிருக்கும் மாணவர்களே, “என்னை நம்பவில்லையா?” என்று சினவாதீர். உங்கள் ஏட்டைப் பிறரொருவர் பார்ப்பது உங்கள் நேர்மைக்குக் கிடைக்கும் சாட்சி.