பென்ஷன் வாங்கும் வயதில் தொழில் தொடங்கிய பேராசிரியர்

கல்லூரிப் பேராசிரியருக்குச் சொந்தத் தொழில் எதற்கு? மாதம் பிறந்தால் சம்பளம். ஓய்வு பெற்றால் பென்ஷன். கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பி, கணக்குப் பார்க்கும் தலைவலி ஏன்?

“பண ஆசைதான்” என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமவாசிகள் பலர் பஸ் ஏறிக் கண் காட்டச் செல்கிறார்களே, அந்த மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கதை வேறு.

அதைத் தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவ வைத்தியராக விரும்பினார். கடுமையான மூட்டு வாதம் வந்து கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. கண் வைத்தியத்துக்கு மாறினார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார்! அந்தக் கைகள் செய்த ஆபரேஷன்கள் லட்சத்துக்கு மேல்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோதே ஊர் ஊராக முகாம் நடத்தினார். கண்புரையால் பார்வை இழந்தோர் கூட்டம் குறையவில்லை. 1976-ல் அவருக்கு வயது 58 ஆகவே, சர்க்கார் வேலை முடிந்தது. நோயாளிகளின் வரிசை முடியவில்லை.

11 கட்டில்கள்

அதே வருஷம் 11 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி பிறந்தது. பாங்கிகள் கடன் தரவில்லை. (ஓய்வு பெற்றவருக்கு யார் தருவார்கள்?) வீடு அடமானம் போயிற்று, குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் சர்க்கார் உத்தியோகத்தை விட்டு வந்தார்கள்.

வசதி உள்ளவர் பணம் கட்டினார்; ஏழைக்கு இலவசம். டாக்டர்கள் இருவருக்கும் ஒருவரே. அந்த வருமானத்திலேயே ஆஸ்பத்திரி வளர்ந்தது. வெங்கடசாமி அதிலிருந்து சம்பளம் எடுக்கவில்லை. பென்ஷனில் வாழ்ந்தார்.

சோடாப்புட்டிக் கண்ணாடி

கண்புரையை எடுத்த பிறகு, ஏழைகளுக்குக் கிடைத்தது சோடாப்புட்டிக் கண்ணாடி. அது உடைந்தால் மறுபடி இருட்டு! கண்ணுக்குள்ளேயே வைக்கும் சிறு லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை ஏறத்தாழ 100 டாலர். கூலிக்காரர் எங்கே போவார்?

“நாமே செய்வோம்” என்று துணிந்து 1992-ல் மதுரையில் ‘ஆரோலேப்’ தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். வைத்தியர்கள் லென்ஸ் செய்வதா என்று சந்தேகப்படுவது இயல்புதான். ஆனால் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது.

டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார். மதுரையில் செய்த லென்ஸ் இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.