மெயின் ரோட்டுக்கு முன் மூன்று சோதனைகள்

தெருவுக்குள் சிட்டாகப் பறக்கிற உங்கள் சைக்கிள், மெயின் ரோடு வந்ததும் தடுமாறுகிறதா? பஸ் ஹாரன் கேட்டால் கை வெலவெலத்துப் போகிறதா? "தைரியமா ஓட்டு" என்பார்கள் பெரியவர்கள். சொன்னதும் வந்துவிடுமா தைரியம்? நம் வண்டி எங்கே போய் நிற்கும், பக்கத்து வண்டி எப்படித் திரும்பும் என்று தெரிந்தால் தானாக வரும். அதற்கு ஒரு சாக்பீஸ், ஒரு வாளித் தண்ணீர், ஒரு நண்பர், வண்டிகள் வராத ஒரு மைதானம் போதும்.

முதல் சோதனை: நிற்பது

தரையில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். உங்கள் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது நண்பர் கைதட்ட வேண்டும். சில முறை தட்டாமல் ஏமாற்றவும் வேண்டும். தட்டினால் பிரேக். கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போய் நின்றீர்கள்?

மணிக்கு 15 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகம். சாலையில் எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்தால், கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் பிரேக்கை அழுத்த ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதற்குள் 4 மீட்டர் போய்விட்டது! பிரேக் பிடித்த பிறகு இன்னும் 3 மீட்டர். ஆக 7 மீட்டர். வேகம் 30 ஆனால் 14 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். சுமார் 20 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். அத்தனையையும் பிரேக்தான் தின்று தீர்க்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் தள்ளுகிறதல்லவா? எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது; பின்சக்கரம் இலேசாகிச் சறுக்கப் பார்க்கிறது. அதனால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, சீராக அழுத்துங்கள்.

இரண்டாம் சோதனை: திரும்பிப் பார்ப்பது

நீளமாக ஒரு கோடு போட்டு அதன்மேல் ஓட்டுங்கள். பின்னால் நிற்கும் நண்பர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று வலது தோளுக்கு மேலாகப் பார்த்துச் சொல்லுங்கள். சைக்கிள் வலப்பக்கம் இழுக்கும். தலையோடு தோள் திரும்புகிறது, தோளோடு கை, கையோடு ஹேண்டில்பார். தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பழகினால் கோடு தப்பாது.

ஓரத்தில் நிற்கும் காரின் கதவு திடீரென்று திறந்தால் ஒரு மீட்டர் வரை நீளும். அந்த இடத்தை விட்டுத்தான் கடக்க வேண்டும். காருக்குப் பக்கத்தில் போய்ச் சட்டென்று ஒடிக்காதீர்கள். தூரத்திலேயே திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெல்ல விலகி, நேராகப் போங்கள். அப்போதுதான் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குப் புரியும்.

மூன்றாம் சோதனை: பஸ்ஸின் தடம்

இரண்டு டயரையும் நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையில் சைக்கிளைத் தள்ளியபடி இடப்பக்கம் திருப்புங்கள். இரண்டு ஈரத் தடங்கள் தெரியும். பின்சக்கரம் முன்சக்கரத்தின் வழியில் வராமல் உள்பக்கமாக வெட்டியிருக்கும். சைக்கிளின் சக்கரங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான். பெரிய பஸ்ஸுக்கு 5, 6 மீட்டர் இருக்கும். அது இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டும்! முனையில் பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் நடுவே நுழையவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று: பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? அந்தக் கண்ணாடியில் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். ஒளி போன வழியேதான் திரும்பியும் வரும். பின்தங்கி, அவர் போகட்டும் என்று விடுங்கள்.

மூன்றும் கைவந்ததும், ஞாயிறு அதிகாலையில் அப்பாவோ அக்காவோ கூட வர, பள்ளிக்குப் போகும் வழியில் ஓட்டிப் பாருங்கள். பிறகு நெரிசல் நேரத்துக்கு வரலாம்.

ஒரு கேள்வி: மெதுவான வேகத்தில், ரிம்மை நனைத்துவிட்டு முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். நிற்கும் தூரம் எத்தனை அடி கூடியது? ஏன்? விடை கிடைத்தால், மழை நாளில் முன்னே போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதும் கிடைத்துவிடும்.