4 பைட், 15 பைட்

1999இல் என் இணையதளத்தின் முகப்பில் ‘தமிழ்’ என்று எழுதியபோது அந்தச் சொல்லுக்கு 4 பைட் ஆயிற்று. இன்று அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே சொல் 15 பைட் பிடிக்கிறது. அன்று திஸ்கி குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ் என்று உருவுக்கு ஒரு பைட். இன்று யூனிகோடு: ழகரம் தனி, புள்ளி தனி, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். இந்தக் கணக்கை இப்போது யாரும் பார்ப்பதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் 2 இலக்கத்துக்காக ஒன்றரை வருடம் உழைத்தவன் என்பதால் நான் பார்க்கிறேன்.

1997இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கோபால் மொழி நிரல்கள் எங்கள் கைக்கு வந்திருந்தன. (“யாருடா அந்த கோபால், எப்பப் பாத்தாலும் அவனோடயே இருக்கே?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.) இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டை 2 இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள், 2000 பிறப்பதற்குள் அதை 4 ஆக்க வேண்டும். ஒரு நாளில் 50 வரி திருத்தினால் அது நல்ல நாள்.

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. மறு ஆண்டே அமெரிக்கச் சந்தை சரிய, நானும் சில மாதம் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருந்தேன். அதன் பிறகு ஆன்சைட், திரும்பி வந்தது, பழைய மகாபலிபுரம் சாலையில் நாலு கட்டடம் மாறியது எல்லாம் மற்றவர்களுக்கு நடந்தது போலத்தான். இப்போது நிரலை இயந்திரம் எழுதுகிறது. நாலு வரிக் குறிப்பு கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் 500 வரி வந்து விழுகிறது. அதைச் சரிபார்க்க எனக்கு அரை நாள் ஆகிறது. எழுதுகிறவனாக வேலைக்கு வந்தேன், படிக்கிறவனாக இருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் எதையும் மகளுக்குக் காட்ட முடியாது. எல்லாம் வாடிக்கையாளர் சொத்து. நான் பார்த்துப் பார்த்துத் திருத்திய அந்தக் காப்பீட்டு நிரல்களையும் தூக்கிவிட்டார்களாம். காட்ட முடிந்தது, சம்பளமில்லாமல் செய்த அந்த இணையதளம் மட்டுமே.

அதில் இருப்பது ஒரு சொற்பட்டியல். தஞ்சாவூர்ப் பக்கம் என் தாத்தாவின் வாயில் புழங்கிய நெல்வேலைச் சொற்கள்: மடை, களம், தலையடி, போரடி, கண்டுமுதல். ஜியோசிட்டீஸ் அன்று இலவசமாக இடம் கொடுத்தது. மனை பிரித்ததுபோல் பேட்டைகளும் வீட்டு எண்களும் உண்டு. எனக்குக் கிடைத்தது ‘ஏதென்ஸ்’ பேட்டையில். தளம் முழுவதும் ஒரு 1.44 எம்பி பிளாப்பியில் அடங்கியது. இன்று பல செய்தித் தளங்களின் முகப்புப் பக்கம் ஒன்றுகூட அதில் அடங்காது.

படிக்க வருகிறவர் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரையில் தெரிவது பவுண்டுக் குறியும் யென் குறியும் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளும்தான். டயல்-அப்பில், மணிக்கணக்கில் காசு கட்டிக்கொண்டு, அதையும் செய்து படித்தவர்கள் இருந்தார்கள். டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எழுதினார்: “போரடிக்கிறதை நாங்கள் சூடடிக்கிறது என்று சொல்லுவம். நீங்கள் அதையும் சேர்த்தால் நல்லம்.” சேர்த்தேன். பட்டியலில் பாதி அப்படி வளர்ந்ததுதான்.

2003இல் சொந்த முகவரி வாங்கிக் குடிபெயர்ந்தேன். 2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸ் மூடியபோது நான் இழந்தது ஒன்றுமில்லை. வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் விருந்தினர் ஏட்டைத்தான் இழந்தேன். அதை வேறோர் இலவசச் சேவையில் வைத்திருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காணாமல் போனது. பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு. ஊரார் கோப்புக்கெல்லாம் இரவுதோறும் பிரதி எடுத்தவன் நான்.

2004இல் யூனிகோடுக்கு மாறினேன். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு மெய். யூனிகோடில் மெய்தான் முதலில். மாற்றுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது கொம்பை இடம் மாற்றியது. ஆனால் கொம்பையும் காலையும் சேர்த்து ஓகாரக் குறியாக்க மறந்துவிட்டது. திரையில் ‘போர்’ என்று சரியாகத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

அதைவிட உறுத்தியது அகரவரிசை. திஸ்கியில் மெய்கள் நம் இலக்கண வரிசையிலேயே நின்றன. கணினியை அடுக்கச் சொன்னால் கவண், கழனி, களம் என்று அடுக்கும். யூனிகோடின் வரிசை, தேவநாகரியை ஒட்டி அமைந்த இஸ்கி குறியீட்டிலிருந்து வந்தது. அதில் ளகரத்துக்குப் பின் ழகரம், அதற்கும் பின் வகரம். எண் வரிசைப்படி அடுக்கினால் களம், கழனி, கவண்: அப்படியே தலைகீழ். சரியாக அடுக்கும் வழி இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் யூனிகோடைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்துருவைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்திருக்கும் என் சித்தப்பா மகன் கைப்பேசியில் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது தப்புண்ணே” என்று அங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்கிறான். 1999இல் இது நடக்காது. ஆனால் அப்படிச் சொல்கிறவன் இப்போது அவன் ஒருவன்தான். சர்வர் பதிவேட்டைத் திறந்தால் வருகைக்குக் குறைவில்லை, அன்றைக்கு ஒரு மாதத்தில் வந்தது இன்று ஒரு நாளில் வருகிறது. பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. பக்கங்களை வாரிக்கொண்டு போகும் இயந்திரங்கள். எல்லாச் சொல்லையும் படிக்கின்றன, ஒரு வரி எழுதிப் போடுவதில்லை.

ஊரில் போரடி நின்று வெகுகாலமாயிற்று. களமும் பேச்சில்தான் இருக்கிறது. அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. நாள் கணக்கில் நடந்த வேலை காலைச் சாப்பாட்டுக்கு முன் முடிகிறது. அதற்கும் பெயர்கள் வந்துவிட்டன: ஈரவயலில் இறங்குவது பெல்ட் வண்டி, காய்ந்த நிலத்தில் ஓடுவது டயர் வண்டி. சித்தப்பா மகன் சொல்லி, போன தை மாதம் இரண்டையும் பட்டியலில் சேர்த்தேன். டயர் வண்டி டகரத்தில் தனியாக நிற்கிறது. பெல்ட் வண்டிக்கு அடுத்து வருவது போரடி.