பழைய ஹாட் சீட்... புதிய போட்டியாளர்கள்!

2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழ் சேனலின் ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியில் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார். காது கேளாத, வாய் பேச இயலாத மாற்றுத்திறனாளி அவர். இருபது ஆண்டுப் பழமை கொண்ட ஒரு வினாடி வினாப் போட்டிக்கு எப்படி மறுவாழ்வு கொடுப்பது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

இந்தப் போட்டியின் தாய்வீடு பிரிட்டன். 1998 செப்டம்பரில் ஐடிவி சேனலில், கிறிஸ் டாரன்ட் தொகுத்து வழங்க, ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ தொடங்கியது. 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள், கைகொடுக்க 3 லைஃப்லைன்கள். 2000-ல் அமிதாப் பச்சன் தொகுத்து வழங்க, அது இந்திக்கு வந்தது. தமிழில் சன் டி.வி.யில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’ வந்தது. பிறகு விஜய் டி.வி.யின் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யை 2012-ல் சூர்யாவும், அடுத்தடுத்து பிரகாஷ்ராஜும் அரவிந்த்சாமியும் நடத்தினார்கள். ‘கோடீஸ்வரி’யை நடத்தியவர் ராதிகா.

எல்லாக் கேள்விக்கும் கைப்பேசியில் நொடியில் விடை கிடைக்கும் இந்தக் காலத்தில் இதை ஏன் பார்க்கிறோம்?

பிரிட்டனின் பழைய விதிப்படி, 15-வது கேள்வி வரும்போது போட்டியாளர் 5 லட்சம் பவுண்டை ஜெயித்திருப்பார். போதும் என்று எழுந்தால் அது அவருக்கே. தவறான விடை சொன்னால் மிஞ்சுவது இரண்டாவது பாதுகாப்புத் தொகையான 32,000 பவுண்டு. விளக்குகள் மங்கி, வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும் விழும். தொகை ஏற ஏறப் பின்னணி இசையும் கேள்விக்குக் கேள்வி அரைச்சுரம் உயரும். அந்த நேரத்தில் நாம் பார்ப்பது அவருடைய பொது அறிவை அல்ல. அவர் எடுக்கப்போகும் முடிவை. விடையைத் தேடித் தர இணையம் இருக்கிறது. ஆடுவதா, எழுவதா என்பதை அவரேதான் முடிவு செய்தாக வேண்டும்.

இணையத்தால் சிக்கலும் வந்தது. லைஃப்லைனாக நண்பருக்குப் போன் செய்தால், அவர் இணையத்தில் தேடி விடை சொல்லத் தொடங்கினார். 2010-ல் அமெரிக்க நிகழ்ச்சியில் அந்த லைஃப்லைனையே எடுத்துவிட்டார்கள். 2018-ல் ஜெரமி கிளார்க்சனைக் கொண்டு பிரிட்டனில் மீண்டும் தொடங்கியபோது போனைத் தக்கவைத்துக்கொண்டு, தொகுப்பாளரிடமே கேட்கும் புதிய லைஃப்லைனைச் சேர்த்தார்கள். இரண்டாவது பாதுகாப்புத் தொகையை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதையும் போட்டியாளரிடமே விட்டார்கள். அதாவது, முடிவெடுக்கும் தருணம் இன்னொன்று கூடியது. 2020-ல் அங்கே ஓர் ஆசிரியர் மூன்று லைஃப்லைன்கள் மீதமிருக்க 10 லட்சம் பவுண்டை வென்றார். இந்தி நிகழ்ச்சியோ, வீட்டிலிருப்பவர்களும் செயலி வழியாகக் கூடவே விளையாட வழி செய்தது.

‘கோடீஸ்வரி’ செய்தது இவற்றையெல்லாம் விடப் பெரிய மாற்றம். ஆட்டத்தின் அடிப்படையில் கை வைக்காமல், பெண்கள் மட்டுமே போட்டியிடலாம் என்று ஆக்கினார்கள். அதுவரை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சரியான விடையைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஹாட் சீட்டில் அமர்ந்தார்கள். லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவே அவர்களே முடிவெடுப்பதைக் குடும்பமே பார்த்தது.

பழைய நிகழ்ச்சிகளைத் தூசு தட்டும் சேனல்கள் முதலில் தேடுவது ஒரு நட்சத்திரத்தையும் பளபளக்கும் அரங்கத்தையும்தான். நட்சத்திரத்தைப் பார்க்க முதல் வாரம் கூட்டம் வரும். பிறகும் வரவேண்டுமென்றால், ஹாட் சீட்டில் இருப்பவர் நம் தெருவில் பார்க்கிற ஒருவராக இருக்க வேண்டும். அடுத்த முறை ‘கோடீஸ்வரன்’ வரும்போது அந்த இடத்தில் தூய்மைப் பணியாளர்களும் மீனவர்களும் அரசுப் பள்ளி மாணவர்களும் உட்காரட்டும். ஆட்டத்தை மாற்ற வேண்டாம். ஆட வருபவர்களை மாற்றுங்கள். தமிழ்ச் சேனல்கள் இதைச் செய்ய வேண்டும்.