செல்கள் பேசும் சேதி – 9: கட்டு பிரித்த கால்

வாலாஜாபாத்தை ஒட்டிய ஐயம்பேட்டையில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தொடை வரைக்கும் மாவுக்கட்டு, 6 வாரம். பிரித்த அன்று நல்ல காலின் தொடையில் ஒரு பட்டிழையைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அதே வளையத்தை அடுத்த தொடைக்கு ஏற்றியபோது நாலு விரல் தாராளமாக நுழைந்தது.

"எலும்புதானே சார் உடைஞ்சுது, சதை எங்க போச்சு?"

நாற்பது வருஷம் தறிக்குழியில் மிதி மிதித்த கால். சதை தானாகத் தேய்ந்துவிடவில்லை, கழற்றப்பட்டது. தசைநார் இழுபடும்போதெல்லாம் செல்லுக்குள் சேதி ஓடும்: வேலை இருக்கிறது, புரதம் கட்டு. அதை வாங்கி ஆளேவுகிற மேஸ்திரி எம்டார் என்ற புரதம். போன பகுதியில் பார்த்த இன்சுலினும் இவரிடம்தான் வந்து சொல்லும். கட்டுக்குள் போன காலில் அந்தச் சேதி ஓய்ந்துவிட்டது. எலிகளின் காலைக் கட்டிவைத்துப் பார்த்த ஒரு குழு, 2001-ல் அட்ரோஜின், மர்ஃப் என்று இரண்டு ஜீன்களைப் பிடித்தது. சும்மா கிடக்கும் தசையில் இவை விழித்துக்கொள்ளும். புரதங்களுக்குச் சீட்டு ஒட்டும். சீட்டு விழுந்ததைச் செல் துண்டாக்கிவிடும். நார் மெலியுமே தவிர அநேகமாகச் சாகாது. அந்த தைரியத்தில்தான் "வந்துடும்" என்று அவரிடம் சொன்னேன்.

நார் கிழிந்தால் கதை வேறு. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ, தவளைத் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது நாரின் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த சின்னஞ்சிறு செல்களைக் கண்டார். துணைக்கோள் செல்கள் என்று பெயர். கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும்: உடலை நெய்பவர் தறியில் இருக்க, கரை நாடாவோடு ஓரத்தில் ஓர் ஆள் தன் முறைக்குக் காத்திருப்பார். (ஒரு காலத்தில் அங்கே நின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், அது தனியே எழுத வேண்டிய சங்கதி.) நார் கிழிந்ததும் ஹெச்.ஜி.எஃப் என்ற காரணி விடுபட்டு, தூங்கும் செல்லைத் தட்டி எழுப்பும். மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள் முதலில் குப்பை அள்ளும். பிறகு குணம் மாறி, கட்டச் சொல்லும். எழுந்த செல்கள் பெருகி நாரோடு இணையும். சில மட்டும் திரும்பி ஓரத்துக்கே போய்ப் படுத்துக்கொள்ளும், அடுத்த காயத்துக்காக. எனக்கு இதுதான் அதிசயம்.

ஓயாமல் கூப்பிட்டால்? டுஷேன் தசைச்சிதைவு நோயில் டிஸ்ட்ரோபின் புரதம் இல்லாததால் நார்கள் தினமும் கிழிகின்றன. ஓரத்துச் செல்கள் ஈடுகொடுக்க முடியாமல் போக, டி.ஜி.எஃப் பீட்டா என்ற காரணியின் ஏவலில் தழும்பு படர்கிறது. சதை இருந்த இடத்தில் கொழுப்பு. 1997-ல் செ-ஜின் லீயின் குழு, 'வளராதே' என்று சொல்லும் மயோஸ்டாட்டினை நீக்கி, எலியின் தசையை இரண்டு மடங்காக்கிக் காட்டியது. டுஷேன் வந்த பையன்களுக்கும் அதன் வாயை அடைத்தால் போதுமே என்று ஃபைசர் மருந்து செய்தது. நான்கு படி ஏற ஆகும் நேரத்தை வைத்துச் சோதித்தார்கள். பலனில்லை, 2018-ல் கைவிட்டார்கள். வளரச் சொன்னால் போதாது, கிழிவதும் நிற்க வேண்டுமே.

போன வாரம் ஐயம்பேட்டை போனேன். மனிதர் தறிக்குழிக்குள் இருந்தார். அந்த இழை வளையம் ஆணியில் தொங்கியது. எடுத்து மாட்டிக் காட்டினார்: இரண்டு விரல்.

(தொடரும்)