வீட்டு கம்ப்யூட்டரை ராத்திரி முழுக்க ஆன்லயே விடலாமா? ஹேக்கர், கரண்ட் பில், இடி மின்னல்... எதுக்கு பயப்படணும்?

ராத்திரி 11 மணி. படம் பார்த்து முடிச்சாச்சு. மானிட்டரை மட்டும் அணைச்சுட்டு படுக்கப் போறோம். கீழே சிபியு ஓடிக்கிட்டே இருக்கு, வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கு. "நெட்டோட அப்படியே விட்டா யாராவது உள்ள பூந்துடுவாங்களாமே, உண்மையா?"

சென்னைக்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்கும் இந்தக் கேள்வி, இப்போது விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் பக்கம் அவலூர்பேட்டை மாதிரி ஊர்களுக்கும் சொந்தமாகிவிட்டது. உள்ளூர் கேபிள்காரரே ஃபைபர் இழுத்துத் தருகிறார். 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோகும் அரசின் டான்ஃபிநெட் திட்டமும் இருக்கிறது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்தே வேலை, டைப்பிங், டிசைன் என்று கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் நெட் ஒருபோதும் அணைவதில்லை.

நேராக விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் ஆன்ல இருப்பதால் மட்டும் யாரும் ஹேக் பண்ணிவிட முடியாது. அப்டேட் பண்ணாமல் ஆன்ல இருந்தால்தான் சிக்கல். ஆனால் நம்ம ஊரில் ஹேக்கரைவிட ஈபி மீட்டரும் கோடை இடியும்தான் அடிக்கடி நஷ்டம் வைக்கின்றன. அதை யாரும் பேசுவதில்லை.

*இந்த பயம் எங்கிருந்து வந்தது?*

20 வருஷத்துக்கு முன்னால் நெட் என்றால் போன் லைனில் டயல் பண்ணி, வேலை முடிந்ததும் துண்டிக்கும் விஷயம். நிமிஷத்துக்கு காசு. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' பிராட்பேண்ட் கொண்டுவந்த பிறகுதான் 'எப்பவும் ஆன்' என்பது சாதாரண வீடுகளுக்கு வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. சில பிளான்களில் நள்ளிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை டவுன்லோடுக்கு கணக்கே கிடையாது. அதனால் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து படத்தை டவுன்லோடு போட்டுவிட்டு மறுபடி படுத்த ஒரு தலைமுறையே உண்டு! கம்ப்யூட்டரை ராத்திரி ஆன்ல விடும் பழக்கம் பல வீடுகளில் அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அப்போது பல வீடுகளில் மோடம் வெறும் பாலம் மாதிரி. கம்ப்யூட்டர் நேரடியாக இன்டர்நெட்டின் நடுத்தெருவில் நின்றது. 2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' வைரஸ், நெட்டில் சும்மா இணைந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டருக்குள் தானாகவே புகுந்தது. "60 விநாடியில் அணையப் போகிறது" என்று திரையில் எண்ணிக்கை ஓடியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ஃபைபரோடு வரும் வைஃபை ரவுட்டர், வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. வீட்டுக்குள்ளிருந்து யாரைக் கூப்பிட்டோமோ அவர்களை மட்டும்தான் உள்ளே விடும். வெளியிலிருந்து கூப்பிடாமல் வந்து கதவைத் தட்டுபவரை பெரும்பாலும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும்.

*அப்போ ஒரகடத்தில் நடந்தது என்ன?*

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. திறந்துவிட 300 டாலர் பிட்காயினாகக் கேட்டது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை. கேரளாவில் சில பஞ்சாயத்து அலுவலகங்கள், ஆந்திராவில் சில போலீஸ் கம்ப்யூட்டர்கள்கூட மாட்டின.

இதில் கவனிக்க வேண்டியது, யாரும் எதையும் கிளிக் பண்ண வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் போதும், நெட்வொர்க்கில் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து தாவி வந்துவிடும். "அப்போ ஆஃப் பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாமே?" தப்பித்திருக்கலாம், திங்கட்கிழமை காலை ஆன் பண்ணும் வரைக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14-ம் தேதியே கொடுத்துவிட்டது. ரெண்டு மாசம் முன்பே அதைப் போட்டிருந்த கம்ப்யூட்டர்கள் 24 மணி நேரமும் ஆன்ல இருந்தும் அந்த ஓட்டை வழியாக எதுவும் உள்ளே வரவில்லை.

அதனால்தான் இன்றைக்குப் பெரிய கேள்வி, உங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் ஓடுகிறது என்பது. விண்டோஸ் 7-க்கு அப்டேட் 2020 ஜனவரி 14-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் தனியாகப் பதிவு செய்தால் கூடுதலாக ஒரு வருஷம்தான். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்களில் இன்னமும் இவைதான் அதிகம். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரை ராப்பகலாக நெட்டில் விடாதீர்கள்.

கூடங்குளத்தையும் இங்கே சொல்லணும். அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்ததை 2019 அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டோடு இணைந்தது. முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிந்தது என்றும் சொன்னது. வீட்டுக்கும் அதே கணக்குதான். கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன், பிள்ளையின் புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். காப்பி எடுத்ததும் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். எப்பவும் சொருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

*மீட்டர் என்ன சொல்லுது?*

மானிட்டரை அணைத்த பிறகும் சும்மா ஓடும் ஒரு சாதாரண டெஸ்க்டாப் சுமார் 50 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். யாரும் தொடாத நேரம் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் என்றால், ரெண்டு மாசத்தில் 42 யூனிட் வீண்.

42 யூனிட்தானே என்று தோன்றும். வீட்டைப் பொறுத்து அது மாறும். 2024 ஜூலை கட்டணப்படி பார்த்தால், ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட் ஓடும் சின்ன வீடு இலவச 100 யூனிட்டுக்குள் பில்லே இல்லாமல் இருக்கும். 42 கூடினால் 132 யூனிட், பில் சுமார் 75 ரூபாய். பெரிய அடி இல்லை.

ஆனால் ஏசி ஓடும், 480 யூனிட் வரும் வீட்டைப் பாருங்கள். பில் 1,679 ரூபாய். அதில் 42 கூடி 522 ஆனால் பில் சுமார் 2,225 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2 ரூபாய் 35 பைசா சலுகை போய், அதற்கும் 4 ரூபாய் 70 பைசா ஆகிவிடுகிறது. அதாவது தூங்கும்போது ஓடிய கம்ப்யூட்டருக்கு யூனிட் சுமார் 13 ரூபாய் கொடுக்கிறீர்கள். 500-க்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகள் இந்த ஒரு காரணத்துக்காகவே ராத்திரி கம்ப்யூட்டரை நிறுத்தலாம்.

*இடி இடிக்கும்போது ஸ்விட்ச் போதாது*

கோடை மழையும் வடகிழக்குப் பருவமழையும் இடியோடுதான் வரும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் பாயாது, பழைய போன் லைன் மோடம் மாதிரி அந்த வழியாக எரியாது என்பது நல்ல செய்தி. ஆனால் ரவுட்டரின் அடாப்டரும் சிபியுவும் கரண்ட் லைனில்தானே இருக்கின்றன? ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நெட் ஒயரும் செம்புதான். மின்னல் மின்னழுத்தம் ஸ்விட்சின் சின்ன இடைவெளியைத் தாண்டிவிடும். பிளக்கையே கழற்ற வேண்டும். அதையும் வானம் இருட்டும்போதே செய்யணும், தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கைத் தொடப் போகக்கூடாது. ஸ்பைக் கார்டு வைத்திருந்தாலும் வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அது பெயருக்குத்தான்.

சொல்லாமல் போகும் கரண்ட்டும் இன்னொரு தலைவலி. ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போதோ விண்டோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போதோ கட் ஆனால், மறுபடி ஆன் ஆகாமல் கடைக்குத் தூக்கிப் போக வேண்டி வரலாம். சின்ன யுபிஎஸ் 10, 15 நிமிஷம் தாங்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் அந்த 10 நிமிஷத்தில் யார் போய் அணைப்பது?

*சரி, அப்போ என்ன பண்றது?*

லேப்டாப் என்றால் ராத்திரி 'ஸ்லீப்' போதும். இழுப்பது சில வாட்தான், கரண்ட் போனாலும் பேட்டரி பார்த்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில், அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் 'ஹைபர்நேட்' நல்லது. திறந்திருக்கும் வேலையை எல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுசாக அணைந்துவிடும். காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இந்த பட்டன் பல கம்ப்யூட்டர்களில் மறைந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், பவர் பட்டன் என்ன செய்யணும் என்ற பகுதியில் டிக் பண்ணினால் வந்துவிடும்.

வாரம் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' பண்ணினாலே போதும் என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன்ல இருந்தால் அது முழு ஷட் டவுனே கிடையாது. பல அப்டேட்கள் ரீஸ்டார்ட்டில்தான் உட்காரும்.

அடுத்து, நாம் அணைக்கவே நினைக்காத பெட்டி. வீட்டில் நிஜமாக 24 மணி நேரமும் இன்டர்நெட்டைப் பார்த்து நிற்பது ரவுட்டர்தான். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. பெட்டியோடு வந்த 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றாதவர்கள் மாட்டினார்கள். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நிறுவனமே கேட்டுக்கொண்டது. 2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' 54 நாடுகளில் 5 லட்சம் சாதனங்களில் புகுந்தபோது, ரவுட்டரை ஒருமுறை அணைத்து ஆன் பண்ணச் சொல்லி அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டது. ஃபைபர் மாட்டிவிட்டுப் போனவர் வைத்த பாஸ்வேர்டுதான் இன்னமும் இருக்கிறதா? அவரிடமே கேட்டு இன்றைக்கே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு. ரெண்டையும் மாற்றணும்.

கடைசியாக, எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஆப்கள். சர்வீஸ் பண்ண யாரோ சொல்லி ஏற்றியது, வேலை முடிந்தும் அப்படியே கிடக்கும். பாஸ்வேர்டு கொடுத்து வைத்திருந்தால், நீங்கள் தூங்கும்போது மவுஸ் தானாக நகரும். ரவுட்டர் என்ற வாட்ச்மேனும் தடுக்க மாட்டார், நாமே உள்ளே கூப்பிட்ட ஆள் ஆயிற்றே. தேவையில்லை என்றால் அழித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் முடக்க அவ்வளவு வாய்ப்பு.