பாட்டும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

வலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுத்தால் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் குரலோடு பத்துப் பேர் மூச்சும் கையும் சேர்வதுதான் அதன் சூட்சுமம். இசை சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நம் புதுச்சேரியிலேயே இதற்கு இடம் உண்டு. பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் 2010 முதல் இசை சிகிச்சைக்கெனக் கல்வி, ஆய்வு மையம் இயங்குகிறது.

எப்படி நடக்கும்?

பதற்றத்தில் மூச்சு வாங்குபவரிடம் சிகிச்சையாளர் எடுத்தவுடன் தாலாட்டுப் பாடமாட்டார். அவருடைய மூச்சின் வேகத்திலேயே தாளம் தட்டுவார். இருவரும் ஒரே கதிக்கு வந்த பிறகு, தட்டும் வேகத்தை மெல்ல மெல்லக் குறைப்பார். மூச்சும் கூடவே இறங்கிவரும்.

மனச்சோர்வுக்கான வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேரும்போது, குறுகிய காலத்தில் கூடுதல் பலன் தெரிவதாக, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ‘சேரும்போது’ என்பதுதான் முக்கியம். மருந்துக்குப் பதிலாக அல்ல.

எதில் கவனம் தேவை?

- ‘இந்த ராகம் கேட்டால் இந்த நோய் போகும்’ என்பவரை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒருவரைத் தேற்றும் ராகமே இன்னொருவரை அழவைக்கும்.
- இறந்தவர் விரும்பிக் கேட்ட பாட்டு, ஆறாத துக்கத்தைக் கிளறிவிடலாம். எந்தப் பாட்டு வேண்டாம் என்பதை முதல் நாளே சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள்.
- காதில் குரல் கேட்பதாகச் சொல்பவருக்கு, மருத்துவரைக் கேட்காமல் ஹெட்போன் மாட்டிவிடாதீர்கள்.

உங்கள் உரிமை

மனநலத்துக்கு எந்தச் சிகிச்சை தேடிப் போனாலும் சட்டம் துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று கேட்கலாம். உங்கள் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும்.

குறை இருந்தால்

மனநல நிலையத்தின் சேவையில் குறை என்றால், முதலில் அதன் பொறுப்பு மருத்துவரிடம் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தரவில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். அதற்கு இலவச சட்ட உதவியும் உண்டு. ‘குணமாக்குகிறேன்’ என்று பணம் வாங்கி ஏமாற்றியவர்மீது நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பக்கத்து வீட்டில் ஒருவர் முடங்கிக் கிடந்தால், அந்த எண்ணை நீங்களே அழுத்திப் போனை அவர் கையில் கொடுங்கள். பாரம் இழுக்கும்போது முதல் குரல் யாராவது ஒருவர் கொடுக்கத்தானே வேண்டும்.